செஸ் புக்குக்கு மார்க் போடுறது யாரு?

மக்களே, சதுரங்கத்தைப் பத்தி எனக்கு அழுத்தமான கருத்துன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடுறேன். ஓப்பனிங் புக்குங்கிறது கட்டுறவனுக்குத்தான் பாடம். அடுத்தவன் கட்டுனதை வாங்கி மனப்பாடம் பண்றவனுக்கு அது வெறும் சுமை.

இதை இப்ப ஏன் சொல்றேன்னா, 2022ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்புறம் தமிழ்நாட்டுல செஸ் வகுப்பு இல்லாத ஊரே இல்லைங்கிற மாதிரி ஆகிப்போச்சு. எங்க ஆண்டிபட்டி பக்கமும் அந்தக் காத்து அடிக்குது. நல்ல விஷயம்தான், சந்தோஷம்தான். ஆனா பல இடங்கள்ல பிள்ளைகளுக்கு முதல்ல கையில கொடுக்கிறது என்ன தெரியுமா? "ஓப்பனிங் ஃபைல்". இருபது நகர்த்தல் வரைக்கும் வரிசையா எழுதி, பக்கத்துல சதவீதம் போட்டு, "இதை மனப்பாடம் பண்ணிட்டு வா, அடுத்த வாரம் கேப்பேன்"னு அனுப்பிடுறாங்க.

நான் செஸ்ல பெரிய ஆளெல்லாம் இல்லைங்க. என் பொழுதுபோக்கு வேற. கம்ப்யூட்டர் செஸ் எஞ்சின்களுக்கு ஓப்பனிங் புக் கட்டி, ரெண்டு எஞ்சினை ராத்திரி முழுக்க மோதவிட்டு, காலையில டீ குடிச்சுக்கிட்டே ஸ்கோர் பாக்குற ஜாதி. (வீட்டுல கரண்ட் பில்லைப் பாத்துட்டு என்ன சொல்வாங்கன்னு கேக்காதீங்க.) அந்தப் பழக்கத்துல இருந்து பேசுறேன். அந்த சதவீதம் எப்படி வருதுன்னு தெரிஞ்சா, அதை மனப்பாடம் பண்ணச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

ரைட்டு, மேட்டருக்கு வருவோம்.

புக்குன்னா என்ன?

செஸ் புரோகிராமுக்கு ஆட்டத்தோட தொடக்கத்துல மட்டும் ஒரு சிக்கல் உண்டு. முப்பத்திரண்டு காயும் பலகையில நிக்குது, எதுவும் இன்னும் மோதலை. எந்த நகர்த்தலோட பலனும் உடனே தெரியாது, பதினஞ்சு இருபது நகர்த்தல் கழிச்சுத்தான் தெரியும். பழைய புரோகிராம்களால அம்புட்டு தூரம் பாக்க முடியாது. அதுபோக, யோசிச்சே ஆடுனா நேரம் வீணாகும். இன்னொண்ணு, விட்டா ஒவ்வொரு தடவையும் ஒரே ஆட்டத்தையே ஆடிக்கிட்டு இருக்கும், பாக்குறவனுக்கு அலுத்துப்போகும்.

இந்த மூணுக்கும் மருந்துதான் ஓப்பனிங் புக். "இந்த நிலை வந்தா இந்த நகர்த்தலை ஆடு"ன்னு சொல்ற ஒரு பெரிய பட்டியல். எஞ்சின் யோசிக்கவே யோசிக்காது. பட்டியலைப் பாக்கும், ஆடும். பட்டியல்ல இல்லாத நிலை வந்த பிறகுதான் சொந்தமா மூளையைக் கசக்க ஆரம்பிக்கும்.

இலவசமாக் கிடைக்கிறதுல ரொம்பப் புழக்கத்துல இருக்கறது பாலிகிளாட் வடிவம். ஃப்ரூட் என்கிற எஞ்சினை எழுதுன பிரான்ஸ் நாட்டுக்காரர் ஃபாபியன் லெட்டூசே உருவாக்குனது. உள்ள பாத்தா ரொம்ப எளிமையா இருக்கும். ஒரு பதிவுக்கு 16 பைட்டு, அம்புட்டுதான். அதுல 8 பைட்டு பலகை நிலையோட அடையாள எண். 2 பைட்டு நகர்த்தல். 2 பைட்டு அந்த நகர்த்தலோட எடை. மிச்சம் 4 பைட்டு, ஆடி ஆடிக் கத்துக்கறதைக் குறிச்சு வைக்கறதுக்காக ஒதுக்குனது.

இதுல ஒரு அழகு என்னன்னா, வரிசையை அது பாக்கறதில்லை, நிலையைத்தான் பாக்குது. டி4 ஆடிட்டு சி4 ஆடுனாலும், சி4 ஆடிட்டு டி4 ஆடுனாலும் பலகை ஒண்ணா இருந்தா அடையாள எண்ணும் ஒண்ணு. மதுரைக்கு உசிலம்பட்டி வழியா வந்தியா, வேற வழியா சுத்தி வந்தியான்னு கேக்காது. மதுரைக்கு வந்துட்டியா, அது போதும். நம்ம பிள்ளைகள் மனப்பாடம் பண்றது இதுக்கு நேர் எதிர். வரிசையை மனப்பாடம் பண்றாங்க. எதிராளி ரெண்டாவது நகர்த்தலையும் மூணாவதையும் இடம் மாத்திப் போட்டாலே போதும், பாதை தொலைஞ்சு போகுது.

மார்க் போடுற லட்சணம்

இப்ப அந்த 2 பைட்டு எடைக்கு வருவோம். இங்கதான் சூட்சுமம்.

லட்சக்கணக்கான ஆட்டங்களை மொத்தமா உள்ள தள்ளி "புக்கு கட்டு"ன்னு சொன்னா, பாலிகிளாட் போடுற கணக்கு இதுதான்: அந்த நகர்த்தலை ஆடுனவர் ஜெயிச்ச ஆட்டத்துக்கு 2, டிராவுக்கு 1, தோத்ததுக்கு 0. எல்லாத்தையும் கூட்டு. அதுதான் எடை. ஒரு நிலையில மூணு நகர்த்தல் இருந்தா, எடைக்குத் தக்க விகிதத்துல குலுக்கல் போட்டு ஒண்ணை எடுக்கும்.

கேக்க நியாயமாத்தானே இருக்கு? சும்மா ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பாப்போம்.

முதல் நகர்த்தல்: 100 ஆட்டம். 30 வெற்றி, 50 டிரா, 20 தோல்வி. எடை 110.

ரெண்டாவது நகர்த்தல்: 10 ஆட்டம்தான். 8 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி. எடை 17.

மூணாவது நகர்த்தல்: 300 ஆட்டம். 60 வெற்றி, 90 டிரா, 150 தோல்வி. எடை 210.

மூணாவதைப் பாருங்க. ஆடுனவங்கள்ல பாதிப் பேரு தோத்திருக்காங்க. ஆனா எடை அதுக்குத்தான் அதிகம்! குலுக்கல்ல அது வர்ற வாய்ப்பு 62 சதவீதம். காரணம், நிறைய பேரு ஆடிட்டாங்க. நிறைய பேரு தோத்தாலும் கூட்டுத்தொகை ஏறத்தானே செய்யும்? கூட்டம் போற பக்கமே புக்கும் போகுது. தேர்தல்ல ஓட்டு எண்ற மாதிரி இருக்கே தவிர, பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி இல்லை.

"இதுக்கு சல்லடை இருக்குமேய்யா"ன்னு விவரமானவங்க கேப்பீங்க. இருக்கு. இத்தனை ஆட்டத்துக்குக் குறைவா இருந்தா சேக்காதே, இத்தனை சதவீதத்துக்குக் கீழ இருந்தா சேக்காதேன்னு சொல்லலாம். ஆனா அந்த எண்ணை யாரு முடிவு பண்றது? புக் கட்டுறவன்தான். சல்லடைக் கண்ணை சின்னதா வச்சா தங்கமும் போயிடும், பெருசா வச்சா கல்லும் வந்துடும். ஆக, மெஷின் மார்க் போடுதுன்னு நாம நினைக்கிற இடத்துலயும் ஒரு மனுஷனோட தீர்ப்புதான் உக்காந்திருக்கு.

சரி, சதவீதத்தை மட்டும் பாப்போமேன்னா அதுலயும் மூணு ஓட்டை இருக்கு.

ஒண்ணு, ஆடுனது யாரு? ஒரு நகர்த்தலுக்கு 65 சதவீதம் வெற்றின்னு இருந்தா, நகர்த்தல் நல்லதா, இல்ல அதை ஆடுனவங்க எதிராளியை விடப் பெரிய ஆட்டக்காரங்களா? எண் சொல்லாது.

ரெண்டு, எப்ப ஆடுனது? பெர்லின் டிஃபென்ஸ்னு ஒரு ஓப்பனிங். ரொம்ப காலமா பெரிய ஆட்டக்காரங்க அதைப் பெருசா மதிக்கலை. 2000ல லண்டன்ல நடந்த உலக சாம்பியன் போட்டியில காஸ்பரோவுக்கு எதிரா கிராம்னிக் அதைக் கையில எடுத்தார். காஸ்பரோவால அந்தப் போட்டியில ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியலை, பட்டமே போச்சு. அதுக்கப்புறம் மேல்மட்டத்துல ஊரே பெர்லின் ஆட ஆரம்பிச்சுது. 1999ல கட்டுன புக்கும் 2005ல கட்டுன புக்கும் அதுக்கு ஒரே மார்க்கா போட்டிருக்கும்? நகர்த்தல் அதேதான். பலகையும் அதேதான். மாறுனது மனுஷங்களோட புரிதல்.

மூணு, ஓட்டையைக் கண்டுபிடிச்சாச்சான்னு சதவீதத்துக்குத் தெரியாது. ஒரு வழியில 200 ஆட்டம் ஜெயிச்சிருக்கும். போன மாசம் ஒருத்தர் அதை உடைக்கிற ஒரே ஒரு பதிலைக் கண்டுபிடிச்சிருப்பார். அந்த ஒத்தை ஆட்டம் 200ல கரைஞ்சு காணாமப் போயிடும். புக் இன்னமும் "பிரமாதம், ஆடு ராசா"ன்னுதான் சொல்லும்.

கைப்பக்குவம்

இதெல்லாம் புக் கட்டுறவங்களுக்கு எப்பவோ தெரியும். அதனாலதான் நல்ல புக்கெல்லாம் கையால கட்டுனது.

1997ல காஸ்பரோவைத் தோக்கடிச்ச ஐபிஎம்மோட டீப் புளூவை எடுத்துக்குங்க. உலகத்துலயே பெரிய செஸ் கம்ப்யூட்டர். ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான நிலைகளைப் பாக்குற மெஷின். அதோட புக்குல எத்தனை நிலை இருந்துச்சு தெரியுமா? சுமார் 4000. அம்புட்டுதான்! முக்கியமா ஜோயல் பெஞ்சமின் என்கிற கிராண்ட்மாஸ்டர் உக்காந்து கையால கட்டுனது, இன்னும் மூணு கிராண்ட்மாஸ்டர்கள் ஒத்தாசை. ஒவ்வொரு நிலையையும் ராத்திரி முழுக்க டீப் புளூவை யோசிக்கவிட்டு சரிபாத்தாங்க. அதுபோக 7 லட்சம் ஆட்டங்கள்ல இருந்து எடுத்த ஒரு பெரிய தகவல் தொகுப்பும் இருந்துச்சு. ஆனா அது ஆணை போடாது, "பெரியவங்க இப்படி ஆடியிருக்காங்க"ன்னு எஞ்சினோட காதுல சொல்லும், அவ்வளவுதான். ஆணை போடுறதுக்கு 4000, ஆலோசனைக்கு 7 லட்சம். இந்த விகிதத்தைக் கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க.

கடைசி, ஆறாவது ஆட்டம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. காரோ-கான் ஓப்பனிங்ல காஸ்பரோவ் ஏழாவது நகர்த்தலா எச்6 ஆட, டீப் புளூ குதிரையை இ6ல கொண்டுபோய் பலி கொடுத்துச்சு. 19 நகர்த்தல்ல காஸ்பரோவ் கையைத் தூக்கிட்டார். அந்தக் குதிரைப் பலி மெஷினோட ஞானம் இல்லை, புக்குல இருந்து வந்தது. யாரோ ஒரு மனுஷன் யோசிச்சு, "இந்த மெஷின் கையில இந்த நிலை கிடைச்சா அது கிழிச்சிடும்"னு முடிவு பண்ணி உள்ள வச்சது.

"இந்த மெஷின் கையில"ங்கிற வார்த்தைதான் முக்கியம். புக் கட்டுறவங்க கடைசியா பாக்குற மார்க் சதவீதம் இல்லைங்க. புக் முடியுற இடத்துல நின்னு பாப்பாங்க. இங்க இருந்து என் எஞ்சின் சொந்தமா ஆடணுமே, இந்த நிலை அதுக்குப் புரியுமா? தாக்கி ஆடுற எஞ்சினுக்கு ஒரு புக், பொறுமையா நெருக்குற எஞ்சினுக்கு வேற புக். ரெபெல், ரிப்கா எஞ்சின்களுக்கெல்லாம் புக் கட்டுன நெதர்லாந்துக்காரர் ஜெரோன் நூமன் இதுல பேர் போனவர். ஃப்ரிட்ஸ் மாதிரி புரோகிராம்ல நகர்த்தலுக்குக் கலர் அடிக்கிற வசதியே உண்டு. பச்சை அடிச்சா ஆடு, சிவப்பு அடிச்சா போட்டியில ஆடாதே. சதவீதம் என்ன சொன்னாலும் மனுஷன் அடிச்ச கலருக்குத்தான் மரியாதை.

கட்டுன புக் நல்லதா கெட்டதான்னு சோதிக்கறதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரே எஞ்சின், ரெண்டு பக்கமும் வேற வேற புக். 100 ஆட்டம் விடுறீங்க. 54-46ன்னு வருது. உடனே "என் புக்கு ஜெயிச்சிருச்சு"ன்னு குதிக்கக் கூடாது. பாதி ஆட்டம் டிரா ஆகும்னு வச்சுக்கிட்டா, 100 ஆட்டத்துல 7 புள்ளி அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போறது வெறும் அதிர்ஷ்டத்துலயே நடக்கும். 54-46 ஒண்ணையும் நிரூபிக்காது. ஆயிரக்கணக்குல ஆடவிட்டாத்தான் ஏதாவது சொல்லலாம். இப்ப யோசிங்க, ஒரு பையன் ஒரே ஒரு டோர்னமெண்ட்ல ஒரு டிராப்பை வச்சு ரெண்டு ஆட்டம் ஜெயிச்சிட்டான்னு அந்த ஓப்பனிங்கை "நம்ம ஆயுதம்"னு சொல்லி மொத்த வகுப்புக்கும் கொடுக்கிறோமே, அதுக்கு என்ன ஆதாரம்?

மெஷினே மனப்பாடத்தை விட்டுருச்சு

இன்னொரு வேடிக்கை பாருங்க. ஸ்டாக்ஃபிஷ்ல ஒரு காலத்துல புக்கைப் படிக்கிற வசதி உள்ளேயே இருந்துச்சு. பிற்பாடு அதைத் தூக்கிட்டாங்க. தேவையே படலை. 2017 டிசம்பர்ல ஆல்ஃபாஜீரோ வந்துச்சு. ஒரு மனுஷ ஆட்டத்தைக்கூடப் பாக்காம, விதிகளை மட்டும் வச்சு தனக்குத்தானே ஆடிக் கத்துக்கிட்டு, ஸ்டாக்ஃபிஷ் 8 கூட 100 ஆட்டம் ஆடி 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. அப்ப "ஸ்டாக்ஃபிஷ்க்கு புக் கொடுக்கலையே, இது அழுகுணி ஆட்டம்"னு பலபேர் சண்டைக்குப் போனாங்க. நியாயமான கேள்விதான். 2018ல வந்த முழுக் கட்டுரையில புக் கொடுத்தும் சோதிச்சாங்க, அப்பவும் ஆல்ஃபாஜீரோதான் மேல நின்னுச்சு.

எஞ்சின்களுக்குன்னே நடக்குற டிசிஇசி போட்டியில எஞ்சின் தன் சொந்த புக்கோட வர முடியாது. நடத்துறவங்க தொடக்க நிலையைக் கொடுப்பாங்க. அதே நிலையை நிறம் மாத்தி ரெண்டு தடவை ஆடணும். அதுவும் சமநிலையா கொடுத்தா எல்லாமே டிரா ஆகுதுன்னு, வேணும்னே ஒரு பக்கம் சாய்ஞ்ச நிலையாப் பாத்துக் கொடுக்கறாங்க. அதாவது, "நீ எதை மனப்பாடம் பண்ணியிருக்கேன்னு எனக்கு வேண்டாம், சிக்கலான இடத்துல விட்டா என்ன பண்றேன்னு காட்டு"ங்கிறாங்க.

மெஷினுக்கே பரீட்சை இப்படி மாறிப்போச்சு. நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் மனப்பாடப் பரீட்சை. நல்லா இருக்குய்யா நியாயம்!

"ஆனந்த் மட்டும் புக் இல்லாமலா ஜெயிச்சாரு?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். வரட்டும்.

2008 அக்டோபர், பான் நகரம். ஆனந்துக்கும் கிராம்னிக்குக்கும் உலக சாம்பியன் போட்டி. மூணாவது ஆட்டத்துலயும் அஞ்சாவது ஆட்டத்துலயும் ஆனந்த் கறுப்புக் காய். மெரான்ங்கிற ஓப்பனிங்ல 14வது நகர்த்தலா பிஷப்பை பி7ல வச்சார். அதுவரைக்கும் பெருசா புழக்கத்துல இல்லாத நகர்த்தல். ரெண்டு ஆட்டமும் கறுப்புக்கே வெற்றி. போட்டியே அங்கதான் சாய்ஞ்சது. கடைசி ஸ்கோர் 6.5-4.5.

பாத்தீங்களா, தயாரிப்புதானே ஜெயிச்சுதுன்னு சொல்வீங்க. ஆமா, தயாரிப்புதான். நான் தயாரிப்பே வேண்டாம்னு சொல்லவே இல்லையே! ஆனா அந்த நகர்த்தலை ரெடிமேட் புக்குல தேடியிருந்தா கிடைச்சிருக்காது. ஆட்ட எண்ணிக்கை கம்மின்னு சல்லடையிலயே கொட்டிப் போயிருக்கும். ஆனந்தும் அவரோட குழுவும் மாசக்கணக்கா உக்காந்து, எஞ்சினை ஓடவிட்டு, எஞ்சின் சொன்னதை சந்தேகப்பட்டு, கிராம்னிக் எந்த மாதிரி நிலையில சங்கடப்படுவாருன்னு யோசிச்சு கட்டுனது அது. அவரே மார்க் போட்ட புக். அதனாலதான் பலகையில கிராம்னிக் மாத்தி ஆடினாலும் ஆனந்துக்கு வழி தெரிஞ்சது.

அதுக்கு மறுபக்கமும் நம்ம மண்ணுலயே பாத்தோம். 2013 நவம்பர், சென்னை. கார்ல்சன் வந்தார். ஓப்பனிங்ல சண்டையே போடலை. சாதாரணமான, சமமான நிலையா இருந்தாலும் பரவாயில்லை, புக்கை விட்டு வெளிய வந்துடலாம், அப்புறம் ஆடிக்கலாம்னு இருந்தார். 5, 6, 9ன்னு மூணு ஆட்டம் ஜெயிச்சு 6.5-3.5ல பட்டத்தை எடுத்துட்டுப் போனார். மனசு வலிச்சுது, என்ன பண்றது. ஆனா பாடம் பாடம்தான்.

அப்புறம் நம்ம குகேஷ். 12 வயசுல, 2019 ஜனவரியில கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12ம் தேதி சிங்கப்பூர்ல டிங் லிரனை 7.5-6.5ல ஜெயிச்சு 18 வயசுல உலக சாம்பியன். சின்ன வயசுல அவருக்குப் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா ஒரு விஷயத்துல பிடிவாதமா இருந்தார்: ஏறத்தாழ 2500 ரேட்டிங் வர்ற வரைக்கும் எஞ்சினைத் தொடக் கூடாது. நல்லா கவனிங்க, 2500! கிராண்ட்மாஸ்டருக்கு வேண்டிய எண் அது. அதுவரைக்கும் சொந்த மூளையாலயே நிலைக்கு மார்க் போடணும். அந்தப் பையன் சிங்கப்பூர்ல கடைசி ஆட்டத்தை ஜெயிச்சது ஓப்பனிங்ல இல்லை. எல்லாரும் டிரான்னு முடிவு கட்டுன ஒரு எண்ட்கேமை விடாம ஆடிக்கிட்டே இருந்தார். 55வது நகர்த்தல்ல டிங் யானையைத் தப்பான இடத்துல வச்சார், முடிஞ்சது கதை. அந்த இடத்துக்கு எந்த புக்கும் வராது.

உலக சாம்பியனா ஆன பையன் 2500 வரைக்கும் எஞ்சின் இல்லாம வளர்ந்திருக்கான். இங்க இன்னும் ரேட்டிங்கே வராத மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு எஞ்சின் சதவீதம் போட்ட ஃபைல். எங்கேயோ இடிக்குதுல்ல?

நம்ம ஊரு நிலவரம்

இப்படி ஃபைல் படிச்ச பிள்ளைகள் ஆடுறதைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். முதல் பத்து நகர்த்தல் பட்டாசு மாதிரி, டக் டக்குன்னு கடிகாரத்தைத் தட்டுவாங்க. எதிர்ல இருக்கறது எந்த வகுப்பும் போகாத ஒரு பையன். அவனுக்கு புக்கும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது, நாலாவது நகர்த்தல்ல ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிடுவான். நம்ம ஃபைல் பிள்ளை அப்படியே முழிக்கும். நியாயமா, எதிராளி ஒரு வாய்ப்பை வீணாக்கிட்டான்னு சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனா பிள்ளை முகத்துல பயம். "சார், இது ஃபைல்ல இல்லை" அப்படிங்கிற பயம்.

எங்க சக்கம்பட்டி, சுப்புலாபுரம் பக்கமெல்லாம் நெசவு. பாவு இல்லாம தறியில ஒண்ணும் நடக்காது. ஆனா பாவு மட்டும் சேலை ஆயிடாது. இழை அறுந்தா எங்க அறுந்துச்சுன்னு பாத்து முடிச்சுப் போடத் தெரியணும், அதுக்குப் பேருதான் நெசவு. ஓப்பனிங்னா பாவு. அறுந்த இழையைப் பிணைக்கச் சொல்லித் தராம, மேல மேல பாவா சுத்திக் கொடுத்துக்கிட்டே இருந்தா பிள்ளை எப்ப நெய்யறது?

இதுல பணமும் இருக்குங்க, மறைக்க வேண்டாம். ஃபைலை ஒரு தடவை தயார் பண்ணா நூறு பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஒரு பிள்ளையோட தோத்த ஆட்டத்தை எடுத்து வச்சு "நீ ஏன் இங்க இதை ஆடுனே?"ன்னு கேக்கறதுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணி நேரம் வேணும். பெத்தவங்களுக்கும் ஃபைல்னா கண்ணுக்குத் தெரியுது, காசு கொடுத்ததுக்கு ஒரு பொருள் வந்த திருப்தி. எல்லா வகுப்பும் இப்படின்னு சொல்லலை. பொறுமையா உக்காந்து சொல்லித் தர்ற நல்ல மாஸ்டர்களும் நம்ம ஜில்லாவுல இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா ஃபைல் பண்ற கேடு பெருசு. ஓப்பனிங்ல தோக்கற பிள்ளை "நான் சரியா மனப்பாடம் பண்ணலை"ன்னு நினைக்குது. ரெண்டு வருஷத்துல "எனக்கு ஞாபக சக்தி பத்தாது, செஸ் வராது"ன்னு விட்டுட்டுப் போயிடுது. அந்தப் பிள்ளைக்கு செஸ் வராதுன்னு யாரு முடிவு பண்ணது? மனப்பாடம் வரலை, அம்புட்டுதானே.

அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?

பிள்ளையை புக் படிக்கவிடாதீங்க. புக் கட்டவிடுங்க.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளை ஆடுன ஒவ்வொரு ஆட்டத்தையும் முதல் பத்து நகர்த்தல் எழுதணும். பத்தாவது நகர்த்தல்ல பலகை எப்படி இருந்துச்சுன்னு பிள்ளையே ஒரு மார்க் போடணும், பத்துக்கு எத்தனைன்னு. கூடவே ஒரு வரி காரணம்: "என் குதிரை வெளிய வரலை", "ராஜாவுக்குக் கோட்டை கட்டலை", இந்த மாதிரி. அடுத்த தடவை அதே நிலை வந்தா நோட்டைப் பாத்து, போன தடவை போட்ட மார்க் சரியா தப்பான்னு திருத்தணும். முப்பது ஆட்டத்துல ஒரு சின்ன புக் ரெடி. நூறு நிலைகூட இருக்காது. ஆனா ஒவ்வொரு நிலைக்கும் காரணம் சொல்லத் தெரியும்.

கம்ப்யூட்டர் வச்சிருக்கிற கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா, தன் ஆட்டங்களையே பாலிகிளாட்ல போட்டு புக் கட்டட்டும். அரினா மாதிரி இலவச புரோகிராம்ல அந்த புக்கை ஒரு எஞ்சினுக்குக் கொடுத்து ஆடவிட்டுப் பாக்கட்டும். தன் புக் எங்க ஓட்டைங்கிறது தானா தெரியும். எடை எப்படி வருதுன்னு ஒரு தடவை கையால கூட்டிப் பாத்த பிள்ளை, அப்புறம் எந்த சதவீதத்தைப் பாத்தும் மயங்காது. செஸ்ல மட்டும் இல்லை, பேப்பர்ல வர்ற சதவீதத்தையும் சேத்துத்தான் சொல்றேன்.

புக்குன்னா அடுத்தவங்க அனுபவத்தோட சுருக்கம். அதுல தப்பே இல்லை. ஆனா மார்க் போட்டவன் யாரு, எப்ப போட்டான், யாருக்காகப் போட்டான்னு கேக்காம எடுத்துக்கிட்டா, அது நம்ம ஆட்டம் இல்லை. யாரோ ஆடுன ஆட்டத்தை நாம கையை மட்டும் அசைச்சு முடிச்சு வைக்கிறோம்.

அம்புட்டுதாங்க. செஸ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புற பதிவர்கள் இருந்தா, இந்த வாரம் பிள்ளைகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "இந்த நகர்த்தலை ஏன் ஆடுனே?" பதில் "சார் சொன்னாரு"ன்னு வந்தா, நோட்டு வாங்கக் கடைக்குக் கிளம்புங்க. காரணம் தப்பா சொன்னாலும் பரவாயில்லை, காரணம் சொல்லுதில்ல? தட்டிக் கொடுங்க.

டிஸ்கி 1: மேல போட்ட 110, 17, 210 கணக்கு விளக்கத்துக்காக நானே போட்டது. "எந்த ஓப்பனிங் அது?"ன்னு தேடி அலையாதீங்க.

டிஸ்கி 2: ஓப்பனிங்கே படிக்கக் கூடாதுன்னு இந்தப் பதிவு சொல்லுதுன்னு யாராவது கும்ம வந்தா, பதிவை இன்னொரு தடவை படிச்சுட்டு வந்து கும்மவும். :-)